மேடத்துக்குத் தண்ணீர்

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் கழுகின் கண்ணில் முதலில் பட்டது, சோபாவுக்குப் பக்கத்தில் தேங்கிக் கிடந்த ஈரம்தான். வேறு யாராக இருந்தாலும் 'நல்லவேளை, வழுக்கி விழவில்லை' என்று நினைத்திருப்பார்கள். கழுகு, 'யார் ஊற்றியது?' என்று நினைத்தாள். அவள் பார்க்கும் தொழில் அப்படி.

நாலு மாடி சூப்பர் மார்க்கெட்டில் கண்காணிப்பு அறை அவள் பொறுப்பு. ஜன்னல் இல்லாத அறை, சுவர் முழுக்கத் திரைகள், சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. எந்தக் கை எந்த அலமாரியிலிருந்து எதை எடுத்து எங்கே செருகுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஷாம்பு புட்டியை இடுப்பில் சொருகியவர்கள், குழந்தையின் தள்ளுவண்டியில் சாக்லேட்டைப் படுக்கவைத்துப் போர்த்தியவர்கள் என்று அவள் பிடித்தவர்கள் ஏராளம். கூட வேலை செய்பவர்கள் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தார்கள். நாளாவட்டத்தில் அது வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

குனிந்து மோந்து பார்த்தாள். நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் தண்ணீர் இல்லை.

"மேடம்!"

மேடம் என்பது அந்த வீட்டு நாய். எட்டு வயதுப் பெண் நாய். சோதனைக்கு வந்த மேலதிகாரி போலக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்காரும் என்பதால் அந்தப் பெயர். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் செல்லம், அதுதான் அதிகாரம். குட்டியாக வந்த புதிதில் பழக்கியதோடு சரி, அதற்கப்புறம் ஒரு சொட்டு வீட்டுக்குள் விட்டதில்லை. காலையிலும் மாலையிலும் இரண்டு மாடி இறங்கிக் கீழே புல்தரைக்குப் போனால் போதும். கொட்டுகிற மழையிலும் இறங்கிப்போய் நனைந்துவிட்டு வரும் மானஸ்தி.

அந்த மானஸ்தி இப்போது காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, சுவரை உரசிக்கொண்டு வந்து நின்றது. கண்ணை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது நாய்க்கும் பொருந்தும் என்று கழுகு தீர்மானித்தாள். பிடிபட்டவர்கள் எல்லாரும் கழுத்தை இப்படித்தான் தொங்கப்போடுவார்கள்.

"என்ன இது? யாரு பண்ணினது? சொல்லு!" என்று விரலை நீட்டி அதட்டினாள். மேடம் நின்ற இடத்திலேயே இன்னும் கொஞ்சம் விட்டது.

உள்ளறைக் கதவு விரல்கடை அளவு திறந்து மறுபடி மூடிக்கொண்டது. கழுகு அதையும் பார்த்தாள்.

உள்ளறையில் இருந்தது நாத்தனார். கணவரின் தங்கை. நாற்பது தாண்டியும் அண்ணனுக்கு அவள் 'பாப்பா'தான். புருஷன் வீட்டை விட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. கழுகு கேட்கலாம் என்றுதான் இருந்தாள், ஆனால் கேட்டால் வருகிற பதிலை நம்ப வேண்டுமே என்ற யோசனையில் விட்டுவிட்டாள். வந்த அன்று நாத்தனார் பெட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "இதைக் கட்டிப்போட மாட்டீங்களா அண்ணி? எனக்கு நாய்னா உயிரே போயிடும்" என்றாள். எட்டு வருஷமாக இங்கே இருக்கிற ஜீவனை, எட்டு நிமிஷம்கூட ஆகாதவள் கட்டிப்போடச் சொல்கிறாளே என்று கழுகுக்குச் சுருக்கென்றது. அதை அவள் மறக்கவில்லை. தேவைப்படும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஈரம் தினப்படி ஆனது. ஒருநாள் சமையலறை வாசல், ஒருநாள் மிதியடி, ஒருநாள் கணவரின் புதுக் காலணி. கடைசியில் ஒரு காலை படுக்கையறை மெத்தையே நனைந்து, கணவர் முதுகு சில்லிட்டு எழுந்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். நாள் முழுக்கக் கட்டடங்களின் உச்சிக்கும் பாதாளத்துக்கும் போய்வருபவர், வீட்டில் எந்தப் பேச்சிலும் ஏறவும் மாட்டார் இறங்கவும் மாட்டார், நடுமாடியிலேயே நிற்பார். அவரே அன்று பேசினார்.

"இங்க பாரு, நானும் பொறுத்துப் பார்த்துட்டேன். எங்க ஆபீஸ் குடோனுக்குக் காவலுக்கு ஒரு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வெட்டவெளி, இஷ்டத்துக்குப் போகலாம். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். நிக்கலைன்னா கொண்டுபோய் விட்டுடறேன்."

"மேடத்தைக் குடோன்லயா? சங்கிலியிலயா?"

"பின்ன, மெத்தையிலயா?"

இரும்பும் கிரீஸும் கிடக்கிற குடோனில் மேடம் சங்கிலியோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது கழுகுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தண்ணீர் வடிவதற்கு முன்பே இன்னொரு நினைப்பு வந்தது. மேடம் போனால் யாருக்கு லாபம்? எய்தவர் இருக்க அம்பை ஏன் நோக வேண்டும்?

மறுநாள் கடையில் கழித்துப்போட்ட ஒரு பழைய கேமராவை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்து, கூடத்து அலமாரிக்கு மேலே மூலையில் திருகினாள். சத்தம் பதியாது, படம் மட்டும்தான். கூடமும், சமையலறை வாசலும், உள்ளறைக் கதவும், கோடியில் குளியலறைக் கதவும் தெரிந்தன.

"இது மேடத்துக்காக" என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் அண்ணாந்து அந்தக் கறுப்புக் கண்ணைப் பார்த்தாள். தோளில் கிடந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் என்ன பயம் என்று கழுகு தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கண்காணிப்பு வேலையில் ஒரு வழிமுறை உண்டு. ஒரு நாள் முழுக்கப் பதிந்ததை எவராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் முதலில் சம்பவத்தைப் பிடிக்க வேண்டும். அலமாரியில் புட்டி இல்லை, அதுதான் சம்பவம். அங்கிருந்து பின்னோக்கி ஓட்டிக்கொண்டே போனால் புட்டி இருந்த நிமிஷம் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் யார் வந்தாரோ அவர்தான் ஆள். மற்றதெல்லாம் குப்பை. இப்படிப் பின்னோக்கி ஓட்டுவதில் கழுகை அடித்துக்கொள்ள ஆளில்லை, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, ஈரத்திலிருந்து பின்னோக்கி ஓட்டினாள். மேடம் கால் மடக்கி உட்காருவது தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் மேடம் தண்ணீர் குடிப்பது தெரிந்தது. அதற்கும் சற்று முன்னால், உள்ளறைக் கதவு திறந்து நாத்தனார் வெளியே வந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு. அவசர அவசரமாகப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்விட்டாள். இன்னொரு கையில் சோபாத் தலையணை ஒன்றை வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்தாள்.

கழுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயிற்றுக்கு முன்னால் எதையாவது அணைத்துக்கொண்டு நடப்பவரை நம்பக்கூடாது என்பது தொழிலின் பாலபாடம். கோட்டு, கைப்பை, குழந்தை, எதுவானாலும் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது.

மறுநாளும் அதே ஈரம், பின்னோக்கி அதே செம்பு, அதே தலையணை. அதற்கு மறுநாளும். ஒருமுறை வந்தால் தற்செயல், ஒவ்வொரு முறையும் அங்கே நின்றால் அவர்தான் ஆள். படத்தைப் பெரிதாக்கி நாத்தனாரின் விரல்களைப் பார்த்தாள். தலையணை உறைக்குள் பொடியா, மாத்திரையா? செம்பில் எதையாவது கலக்கிறாளா? விரல்கள் கட்டம் கட்டமாகச் சிதறினவே தவிர எதையும் சொல்லவில்லை.

ஒன்றைச் சந்தேகப்பட்டால் மற்றதெல்லாம் தானே வந்து சாட்சி சொல்லும். மேடத்தின் கழுத்துப் பட்டை தளர்ந்து காதுவரை நழுவியது. பட்டையை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள், தெருவில் உருவிக்கொண்டு ஓடட்டும் என்று. வழக்கமான சாப்பாட்டைத் தின்ற பிறகும் மேடம் தட்டை நக்கிக்கொண்டே நின்றது. பகலில் வைத்துவிட்டுப் போகிற சாப்பாட்டை யாரோ மறைக்கிறார்கள். நாத்தனார் ஒரு மாலை தேநீர் குடிக்கும்போது, "மேடம் இப்பல்லாம் நிறைய தண்ணி…" என்று ஆரம்பித்தாள். அண்ணன், "வெயில் காலம் பாப்பா" என்று முடித்துவைத்தார். கழுகோ, முந்திக்கொண்டு தடயத்தை மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். கழுகுக்கு அந்த மஞ்சள்தான் சம்பளம் கொடுத்தது, அவள் எப்படி அதைச் சந்தேகப்படுவாள்?

விடுமுறை நாள் பார்த்துக் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது ஆரம்பித்தாள்.

"பாப்பா, அந்தத் தலகாணிய இங்க குடு."

"எதுக்கு அண்ணி?"

"குடும்மா. பார்க்கத்தானே போறேன்."

உறையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. கழுகு கத்தரிக்கோலை எடுத்து ஒரே கிழியாகக் கிழித்தாள். பஞ்சு வந்தது. இன்னும் கையை விட்டுத் துழாவினாள். இன்னும் பஞ்சு வந்தது. மேடம் ஒரு பஞ்சு உருண்டையை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

"என்னதான் தேடற நீ?" என்றார் கணவர்.

"அவளையே கேளுங்க. நாம வெளிய போனதும் மேடத்துக்கு ஊத்தி ஊத்திக் குடுக்கறா. குடிச்சா அது போகாம என்ன செய்யும்? போனா நீங்க குடோனுக்கு அனுப்புவீங்க. அதானே வேணும்?"

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணி, அது குடிக்குது. பாத்திரம் காலியானா வந்து என் கதவைப் பிராண்டுது. ஊத்தற வரைக்கும் போக மாட்டேங்குது. அதான் ஊத்தறேன்."

"அப்ப தலகாணி?"

"கடிக்க வந்தா நடுவுல வச்சுக்கலாம்னு."

கணவர் சிரித்துவிட்டார். கழுகு சிரிக்கவில்லை. பிடிபட்டவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் சிரிக்கிற மாதிரித்தான் இருக்கும். "எட்டு வருஷமா அது யாரையும் கடிச்சதில்லை, வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விட்டதில்லை. எல்லாம் நீ வந்தப்புறம்தான் பாப்பா. நான் சொல்றது பொய்னா சொல்லு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கணவர் மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு கிளம்பி எங்கேயோ ஒரு லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார். நாத்தனார் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, சிதறிய பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறைக்குள் திணித்தாள். அன்றைக்கே அதைத் தைத்தும் விட்டாள்.

அன்று முதல் புதுச் சட்டம். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம், அதுவும் கழுகின் கையால் மட்டும். மற்ற நேரத்தில் பாத்திரம் பிரிட்ஜின் தலைமேல். "யாரும் அதைத் தொடக்கூடாது" என்று பொதுவாகச் சொன்னாள், நாத்தனாரைப் பார்த்துக்கொண்டு.

என்ன ஆச்சரியம், கூடம் காய்ந்துவிட்டது! மறுநாள் ஈரம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கழுகு தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்து மகிழ்ந்தாள். கணவர்கூட, "நீ சொன்னது சரிதான் போலிருக்கு" என்று முனகினார். சம்பவமே இல்லாததால் கேமராவைப் பார்க்கவும் அவசியமில்லை. எங்கிருந்து பின்னோக்கி ஓட்டுவது?

மேடம் மட்டும் முன்னைப்போல வாசலுக்கு ஓடி வரவில்லை. படுத்த இடத்திலிருந்து வாலை ஒருமுறை தட்டும். ரோஷம் என்று கழுகு நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே நாத்தனார் பெட்டியைக் கட்டினாள். ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம், பக்கத்திலேயே பெண்கள் விடுதியாம். அண்ணன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "போயிட்டு வரேன் அண்ணி" என்றவள் மேடத்தைப் பார்த்தாள், பிரிட்ஜின் மேலே பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மேடத்துக்கு…" என்றாள். கழுகு, "மேடத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்றாள். பிடிபட்டபின் எவர் கடைக்குள் நின்றிருக்கிறார்கள்? விட்டது தொல்லை என்று கதவைத் தாழிட்டாள்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது கூடம் நாறியது. ஈரம் இருந்தது. வாந்தியும் இருந்தது. மேடம் குளியலறைக் கதவின் அடியில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. கதவின் கீழ்ப்பகுதியெல்லாம் நகக் கீறல். கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டியது. தூக்கியபோது அந்த உடம்பில் கனமே இல்லை. நழுவியது பட்டை அல்ல, இளைத்தது கழுத்து என்பது அப்போதுதான் அவள் கைக்குத் தெரிந்தது. கழுகு எப்படிப் படியிறங்கினாள், எப்படி ஆட்டோ பிடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

விலங்கு மருத்துவமனை டாக்டர் அதிகம் பேசாத பெண். ரத்தம் எடுத்தார், முன்காலில் ஊசி குத்தி மருந்து நீர் ஏற்றினார், பிறகு கேள்வி கேட்டார்.

"தண்ணி நிறைய குடிச்சுதா?"

"ஆமா டாக்டர்."

"நல்லா சாப்பிட்டும் இளைச்சுதா?"

"ஆமா."

"சர்க்கரை. ரொம்ப ஏறிக் கிடக்கு. சர்க்கரை ஏறினா உடம்பு அதை மூத்திரத்துல தள்ளும், கூடவே தண்ணியும் போயிடும். போனதை ஈடுகட்டக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதால அடக்க முடியாது. அடக்கத் தெரியாம இல்லை." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இப்ப உடம்பு காஞ்சு போயிருக்கே, தண்ணிய நிறுத்தினீங்களா?"

"நிறுத்தலை. குறைச்சேன். காலையில ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். ஒரு வாரமா."

டாக்டர் தலையை ஆட்டினார். "ஒரு வாரமா இருக்காது. இந்தச் சர்க்கரையை வச்சுக்கிட்டு அவ்வளவு நாள் தாங்கியிருக்காது. நேத்து வரைக்கும் எங்கேயோ குடிச்சிருக்கு. யாரோ குடுத்திருக்காங்க. இல்லைன்னா இன்னைக்கு நீங்க இங்க வந்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது."

"ஆனா டாக்டர், அது தப்புன்னு தெரிஞ்சுதானே பண்ணுச்சு? வாலை மடக்கிக்கிட்டு, கண்ணைப் பார்க்காம…"

"தப்புன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்? உங்க குரல் தெரியும். பயந்திருக்கு." டாக்டர் எழுந்தார். "பழகின நாய் திடீர்னு வீட்டுக்குள்ள போனா முதல்ல அதோட உடம்பைத்தான் சந்தேகப்படணும். விடிஞ்சாத்தான் பிழைக்குமான்னு சொல்ல முடியும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவர் வந்துகொண்டிருப்பதாகப் போனில் சொன்னார். கைபேசியைத் திறந்தாள். கூடம் காய்ந்து கிடந்த அந்த வாரத்தில் பின்னோக்கி ஓட்ட எந்தச் சம்பவமும் இல்லை. அதனால், தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். சட்டம் போட்டதற்கு மறுநாள் காலையிலிருந்து, முன்னோக்கி, அப்படியே ஓடவிட்டாள்.

அவளும் கணவரும் கிளம்புகிறார்கள். கதவு மூடுகிறது. மேடம் பாத்திரம் இருந்த இடத்துக்குப் போய் நிற்கிறது. அண்ணாந்து பிரிட்ஜைப் பார்க்கிறது. வெறும் தரையை நக்குகிறது. உள்ளறைக் கதவைப் பிராண்டுகிறது. திறக்கவில்லை. படுத்துக்கொள்கிறது, எழுகிறது, மறுபடி பிராண்டுகிறது.

கதவு திறந்தது. தைத்த தலையணையை அணைத்தபடி நாத்தனார் எட்டிப் பார்த்தாள். முதலில் அவள் பார்த்தது நாயை அல்ல, மேலே கேமராவை. பிறகு வெளியே வந்து, சுவரோரமாக, எங்கேயும் அவசரமில்லாதவள் போல, ஏதோ குளிக்கப் போகிறவள் போலக் குளியலறையை நோக்கி நடந்தாள்.

அந்த நடை கழுகுக்குத் தெரியும். தினமும் திரைகளில் பார்க்கிற நடை. எடுத்ததை மறைத்துக்கொண்டு, ஒன்றும் எடுக்காதவர் போல வாசலை நோக்கிப் போகிறவர்களின் நடை. மேடம் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனது. இரண்டு பேரும் உள்ளே போக, கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து வந்தபோது மேடத்தின் வாயெல்லாம் தண்ணீர், நாத்தனாரின் உடை முழங்கால்வரை நனைந்திருந்தது. குடித்ததும் அங்கேயே, போனதும் அங்கேயே, கழுவியதும் அவளே. காய்ந்த கூடத்தின் மர்மம் அவ்வளவுதான். அவள் எட்டி நின்று தலையணையால் தடுத்தபடியே, மறுகையால் துணி நுனியை நீட்டி மேடத்தின் வாயைத் துடைத்தாள். சொட்டு விழுந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே.

ஒவ்வொரு நாளும் அதே. பகலெல்லாம் அதே. ஒவ்வொரு முறையும் முதலில் கேமராவைப் பார்த்தாள். நாலைந்து நாளில் தலையணை கக்கத்துக்குப் போயிருந்தது. கிளம்பிய நாள் காலையில் தலையணையே இல்லை. பெட்டி வாசலில் தயாராக நிற்க, மேடத்தின் தலைமேல் ஒரு விரலை வைத்தாள், சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல எடுத்துக்கொண்டாள், மறுபடி முழுக் கையையும் வைத்தாள்.

தன் அண்ணன் வீட்டில் அவள் தண்ணீர் திருடியிருக்கிறாள். அதுவும் பார்த்தாலே உயிர் போய்விடும் என்று அவள் பயந்த ஒரு நாய்க்காக. கழுகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெஞ்சில் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

மேடம் பிழைத்தது. இனி ஆயுள் முழுக்கக் காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பின் ஊசி. குடோன் பேச்சைக் கணவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

கழுகு தேடிப் போன விடுதியின் வரவேற்பறைக்கு நாத்தனார் மை படிந்த விரல்களோடு வந்தாள். கழுகைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மேடம் எப்படி இருக்கு அண்ணி?"

"பொழைச்சிடுச்சு. உன்னாலதான். டாக்டரே சொன்னாங்க." கழுகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடும்மா. நான் பாவி. எல்லாத்தையும் பார்த்தேன், பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கலை. வீட்டுக்கு வந்துடு."

நாத்தனார் கையை உருவிக்கொள்ளவில்லை. "கோபம் இல்லை அண்ணி. புருஷன் வீட்டுல நான் எப்ப எழுந்தேன், எதைத் திறந்தேன், யார்கிட்ட பேசினேன்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. குளிக்கப் போனாலும் கதவுகிட்ட நின்னு காது குடுப்பாங்க. அதுக்குத் தப்பிச்சுத்தான் அண்ணன் வீடுன்னு வந்தேன். உங்க வீட்டுல அந்தக் குளியலறையில மட்டும்தான் என்னை யாரும் பார்க்கலை. நானும் மேடமும் அங்க நிம்மதியா இருந்தோம். மேடத்தைப் பார்க்க ஒருநாள் வரேன். இருக்கறதுக்கு வரலை."

கழுகு எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றினாள். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று பெரிய பெரிய பாத்திரங்களில் தண்ணீர் வைத்தாள்.

அடுத்த விடுமுறையில் நாத்தனார் வந்தாள். வாசலில் செருப்பை விட்டதும் அவள் கண் தானாக அலமாரிக்கு மேலே போனது. அங்கே திருகாணி போன இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் குரல் கேட்டு மேடம் எழுந்து வந்தது. ஓடவில்லை, ஆனால் வால் மட்டும் இடுப்போடு சேர்ந்து ஆடியது.

"வாம்மா, உட்காரு" என்றாள் கழுகு.

மேடம் அவளை உட்கார விடவில்லை. கூடத்துத் தண்ணீர்ப் பாத்திரம் விளிம்புவரை நிறைந்து பக்கத்திலேயே இருந்தது. மேடம் அதைத் திரும்பியும் பார்க்காமல் நேராகக் குளியலறை வாசலுக்குப் போய் நின்று, நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தது. நாத்தனார் வெறுங்கையோடு, சுவரோரமாக அதன் பின்னாலேயே போனாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறக்கும் சத்தமும், பிறகு மேடம் தண்ணீரை நக்கி நக்கிக் குடிக்கும் சத்தமும், நாத்தனார் தாழ்ந்த குரலில் அதனிடம் ஏதோ சொல்வதும் கேட்டன.

என்ன சொல்கிறாள் என்று கேட்க, கழுகின் கால் தானாக ஓரடி எடுத்துவைத்தது. எடுத்துவைத்த காலைத் திரும்ப வைத்துக்கொண்டு, சமையலறைக்குப் போய்த் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.